ராத்திரியில் ஏறும் சுருதி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 555 என்ற, ஒலி அலை உண்டாக்கும் ஐசி மூன்று போட்டு ஒரு சுருதிப் பெட்டி செய்தேன். சாயங்காலம் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு) சேர்த்து வைத்தால், ராத்திரி பஜனை முடிவதற்குள் ஏறக்குறைய மூன்று கட்டைக்குப் போய்விடுகிறது. காலையில் வெயில் ஏறியதும் தானாக இறங்கிவிடுகிறது. ஐசியை மூன்று முறை மாற்றிவிட்டேன். சர்க்யூட்டில் 102 என்று எழுதிய (0.001 மைக்ரோ ஃபாரட்) கண்டன்சரும் 2.7 மெகா ஓம் ரெசிஸ்டரும் இருக்கின்றன. - தங்கச்சிமடம் வாசகர்

பதில்: ஐசி பாவம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் பெட்டியின் சுருதியை ஏற்றுவது உப்பு.

சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உங்கள் ஊரில் திறந்து கிடக்கும் எந்தப் பொருள் மீதும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் உட்கார்ந்துவிடும், போர்டின் மீதும்தான். பகலில் அது காய்ந்து கிடக்கும்போது மின்சாரம் கடத்தாது. ராத்திரி ஈரம் ஏறியதும் அதே படலம் உப்புத்தண்ணீராகிக் கடத்தும். உங்கள் சுருதியின் நேர அட்டவணை அப்படியே இதுதான்.

இனி கணக்கு. 555-இல் 6, 7 இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கால்கள். சுருதியை நிர்ணயிக்கும் பெரிய ரெசிஸ்டர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அங்கே ஈரப்படலம் 10 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால் போதும், 2.7 மெகா ஓம் என்பது 2.13 மெகா ஓம் ஆகிவிடும். அதிர்வெண் 27 சதவீதம் ஏறும். 261.6 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு கட்டை, 332 ஹெர்ட்ஸுக்குப் போகும். மூன்று கட்டை 329.6. நீங்கள் எழுதியிருப்பதும் அதையேதான்.

அதே கசிவு 27 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே இருந்தால்? 0.27 சதவீதம்தான் மாறும். ஓர் அரைக்கட்டையை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்தக் கணக்கில் இது 5 சென்டுக்கும் குறைவு. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ரெசிஸ்டரை நூறில் ஒன்றாகக் குறையுங்கள், கண்டன்சரை நூறு மடங்காக்குங்கள். 102-க்குப் பதில் 104, அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். 2.7 மெகா ஓமுக்குப் பதில் 27 கிலோ ஓம். கடலோரத்தில் மெகா ஓம் கணக்கில் சுருதி வைப்பது மணலில் கம்பம் நடுகிற வேலை. போதாக்குறைக்கு, 5 வோல்ட்டில் ஓடும் சாதாரண 555-க்கு இந்த ரெசிஸ்டர்களின் கூட்டுத்தொகை 3.4 மெகா ஓமைத் தாண்டக் கூடாது என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. நீங்கள் எல்லைக்கோட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள்.

மாற்றுவதற்கு முன் நான் சொல்வது சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஓடவிட்டு, போனில் டியூனர் செயலியைத் திறந்து வைத்து, குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழாய் வழியாகப் போர்டின் ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக மூச்சை விடுங்கள். மூச்சில் ஈரம் இருக்கிறது. எந்த இடத்தில் ஊதும்போது எண் சட்டென்று எகிறுகிறதோ அங்கேதான் கசிவு. அடுத்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, கண்டன்சரைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளிப் பத்து விநாடி காட்டுங்கள். இப்போது சுருதி நகர்ந்தால் குற்றவாளி ஈரம் அல்ல, கண்டன்சரின் வகை. மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் பொட்டு மாதிரி வரும் மலிவான செராமிக் 104 வெப்பத்தில் தாறுமாறாக மாறும். சுருதி வைக்க அது ஆகவே ஆகாது. பாலியஸ்டர் பிலிம் பரவாயில்லை. பத்து டிகிரி மாறினால் சுமார் 7 சென்ட் நகரும். பாலிபுரொப்பிலீன் அதில் பாதி. கடையில் "பெட்டி கண்டன்சர்" என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள், எந்த பிளாஸ்டிக் என்பதை மேலே உள்ள எழுத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ரெசிஸ்டர் மெட்டல் பிலிம், 1 சதவீதம்.

கழுவாமல் எதையும் மூடாதீர்கள். டப்பாவில் வரும் சால்டர் பேஸ்ட்டின் மிச்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்து, மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே அடியுங்கள். ஸ்பிரே கிடைக்காவிட்டால் நிறமில்லாத நகப்பூச்சு, இரண்டு பூச்சு. பிரீசெட்டின் (திருகி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) திருகு, ஸ்விட்ச், ஜாக், ஐசி சாக்கெட் இவற்றின் மீது ஒரு சொட்டும் படக் கூடாது. சாக்கெட்டே வேண்டாம் என்பேன். உப்புக்காற்றில் முதலில் கெடுவது அதுதான்.

கேள்வி: நாகஸ்வரத்துக்கு ஒத்து வாசிக்க ஆள் கிடைப்பதில்லை. ஒரே கட்டையில் ஒலித்தால் போதும். முழுச் சாமான் பட்டியலும் மதிப்புகளும் வேண்டும். - உத்தரகோசமங்கை வாசகர்

பதில்: ஒரே கட்டை போதும் என்று சொல்லிவிட்டதால் வேலை எளிது. கட்டை மாற்ற வேண்டுமென்றால் மூன்று ஆசிலேட்டர்களையும் ஒருசேர நகர்த்த வேண்டும். 555-இல் அதைச் செய்யப் போகிறவர் ஒரு மாதம் பிரீசெட்டோடு குடும்பம் நடத்துவார்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு ஐசி. 1-ஆம் கால் மைனஸ். 8-உம் 4-உம் சேர்ந்து பிளஸ். 8-க்கும் 7-க்கும் நடுவில் 1 கே (1 கிலோ ஓம்) ரெசிஸ்டர், 7-க்கும் 6-க்கும் நடுவில் சுருதி ரெசிஸ்டர், 2-ஐயும் 6-ஐயும் இணைத்து அங்கிருந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் பிலிம் கண்டன்சர். 5-ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட். சத்தம் 3-ஆம் காலில் வரும். அதிர்வெண்ணுக்கான கணக்கு: 1.44-ஐ, (1 கே + இரு மடங்கு சுருதி ரெசிஸ்டர்) × கண்டன்சர் என்ற பெருக்கல் தொகையால் வகுக்க வேண்டும்.

ஒரு கட்டைக்கு மதிப்புகள் இவை. ஆதார ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ்: மொத்தம் 27 கே வேண்டும், 22 கே ரெசிஸ்டரோடு 10 கே பிரீசெட்டைத் தொடராகப் போடுங்கள். மந்திர பஞ்சமம் 196.2: மொத்தம் 36.2 கே, ஆக 33 கே-யோடு 10 கே பிரீசெட். மேல் ஸட்ஜம் 523.3: மொத்தம் 13.3 கே, 10 கே-யோடு 5 கே பிரீசெட். ஐந்து கட்டையில் பாடுகிறவர்களுக்கு ஆதார ஸட்ஜம் 392 ஹெர்ட்ஸ். அதற்கு 15 கே-யும் 5 கே பிரீசெட்டும்.

பிரீசெட்டில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒற்றைச் சுற்று பிரீசெட்டில் திருகை ஒரு டிகிரி அசைத்தாலே ஆதார ஸட்ஜம் 2 சென்டுக்கு மேல் நகரும், கை நடுங்கினால் போச்சு. 25 சுற்று பிரீசெட்டில் முழுச் சுற்று ஒன்றுக்கு 25 சென்ட்தான். சேர்த்து முடித்ததும் திருகின் தலையில் ஒரு பொட்டு மெழுகு வையுங்கள்.

மூன்று ஐசிகளின் 3-ஆம் காலிலிருந்தும் தனித்தனியாக 10 கே, அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 0.022 மைக்ரோ ஃபாரட். இது சதுர அலையின் கரகரப்பை வழிக்கும். அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் 220 கே போட்டு மூன்றையும் ஒரே புள்ளியில் சேருங்கள். அந்தப் புள்ளியிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாக 10 கே வால்யூம் கன்ட்ரோலுக்கு, அதன் நடுக்காலிலிருந்து எல்எம்386 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசியின் 3-ஆம் காலுக்கு. 220 கே பெரிய மதிப்பாயிற்றே, உப்பு கசியாதா என்று கேட்கலாம். கசியும், ஆனால் அங்கே கசிந்தால் சத்தம்தான் சற்று மாறும், சுருதி மாறாது.

386-க்கு 2, 4 கால்கள் மைனஸ், 6 பிளஸ். 5-ஆம் காலிலிருந்து 220 மைக்ரோ ஃபாரட் வழியாக 8 ஓம் ஸ்பீக்கருக்கு. அதே 5-இலிருந்து 10 ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் தொடராக மைனஸுக்கு. இதைப் பலர் விட்டுவிட்டு, ஐசி காரணமில்லாமல் சுடுகிறது என்று எழுதுகிறார்கள். காரணம், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஐசி தனக்குத்தானே கத்திக்கொண்டிருப்பது. 1-க்கும் 8-க்கும் நடுவில் எதுவும் வேண்டாம், 20 மடங்கு பெருக்கம் தாராளம்.

சேர்க்கும்போது இப்படி ஒன்று நடக்கலாம்: பஞ்சமத்தின் பிரீசெட்டைத் திருகுகிறீர்கள், சுருதி அசையவே இல்லை, இன்னும் கொஞ்சம் திருகினால் திடீரென்று தாவுகிறது. பிரீசெட் கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். ஒரு 555 தன் நிலை மாறும் கணத்தில் சப்ளையிலிருந்து கரண்டைக் கொத்தாக இழுக்கும். அந்த உலுக்கலில் பக்கத்து 555 இதன் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஐசியின் 8-க்கும் 1-க்கும் நடுவில், காலை ஒட்டியே, 0.1-உம் 47 மைக்ரோ ஃபாரடும் போடுங்கள். இன்னும் நல்லது 7555 என்ற சிமாஸ் வகை. கால்கள் அதே வரிசைதான், கரண்ட் மிகமிகக் குறைவு, உலுக்கலும் குறைவு.

கேள்வி: மேலே சொன்ன மாதிரிப் பெட்டிதான். புது 9 வோல்ட் பேட்டரியில் நன்றாக ஒலிக்கிறது. சில நாளில் வால்யூம் கூட்டினால் விசைப்படகு மாதிரி "டப டப" என்கிறது. - தொண்டி வாசகர்

பதில்: எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் இந்தக் கோளாறுக்கு வைத்திருக்கும் பெயரே 'மோட்டார்போட்டிங்' தான். சின்ன பேட்டரி இறங்க இறங்க அதன் உள்தடை ஏறும். 386 ஸ்பீக்கருக்கு அழுத்திக் கொடுக்கும்போது வோல்ட்டேஜ் விழும், அது முன்பகுதியை உலுக்கும், அந்த உலுக்கல் திரும்ப 386-க்குள் போகும். சுழற்சிதான். 386-இன் 6-ஆம் காலில் 470 மைக்ரோ ஃபாரட், 7-ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட், 555-களுக்குப் போகும் பிளஸ் கம்பியில் 100 ஓமும் அதைத் தாண்டி 220 மைக்ரோ ஃபாரடும் போட்டால் நிற்கும். ஆனால் அந்தச் சின்ன பேட்டரியை நம்பிக் கச்சேரிக்குப் போகாதீர்கள். நல்ல அல்கலைனே 500 மில்லி ஆம்பியர் மணி அளவுதான். ஆறு பென்சில் செல்களை ஒரு கூட்டில் போட்டால் அதே 9 வோல்ட், பல மடங்கு நேரம்.

கேள்வி: ஆர்டுவினோ நானோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டில் சுருதிப் பெட்டி செய்கிறேன். 'டோன்' கட்டளையில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வருகிறது. அதனால் இரண்டு நானோ வாங்கி ஒன்றில் 261, மற்றதில் 392 கொடுத்தேன். விநாடிக்கு ஒரு முறை "வொய்ங் வொய்ங்" என்று அலையடிக்கிறது. - கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: காது நல்ல காது, தம்பி. 'டோன்' கட்டளை முழு எண்ணை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். 261.63 என்று எழுதினாலும் 261 ஆகிவிடும். ஸட்ஜத்தின் மூன்று மடங்கு அதிர்வெண்ணும் பஞ்சமத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் சுருதி சேர்ந்தது என்கிறோம். 261-ஐ மூன்றால் பெருக்கினால் 783. 392-ஐ இரண்டால் பெருக்கினால் 784. வித்தியாசம் 1. பள்ளிப் புத்தகத்தில் படித்த விம்மல், விநாடிக்கு ஒன்று. அதுவும் இரண்டு போர்டுகளின் கடிகாரமும் சரியாக ஒத்துப்போனால்தான் இந்தக் கணக்கு. பல நானோக்களில் குவார்ட்ஸுக்குப் பதில் செராமிக் ரெசனேட்டர் இருக்கும். அரை சதவீதம் வரை தள்ளி ஓடலாம், அதாவது 8 சென்டுக்கு மேல். இரண்டு போர்டு வைத்தால் இரண்டும் இரண்டு திசையில் இழுக்கும்.

ஒரு போர்டு போதும். அதன் ஐசிக்குள் இருக்கும் டைமர் 2-ஐ ஃபேஸ் கரெக்ட் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றி அலை உண்டாக்கும்) முறையில், பிரீஸ்கேலர் (கடிகாரத்தை மெதுவாக்கும் வகுப்பி) இல்லாமல் ஓடவிடு. 16 மெகா ஹெர்ட்ஸை 510-ஆல் வகுத்து, விநாடிக்கு 31,372.55 முறை இன்டரப்ட் (நிரலைக் கூப்பிடும் சைகை) வரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 32 பிட் எண் ஒன்று. ஒவ்வொரு இன்டரப்டிலும் அதோடு ஒரு நிலையான தொகையைக் கூட்டு. அந்த எண்ணின் மேல் 8 பிட்டை எடுத்து, 256 கட்டம் கொண்ட அலை அட்டவணையில் எந்தக் கட்டம் என்று பார். மூன்று ஸ்வரத்தின் மதிப்பையும் கூட்டிப் பிடபிள்யூஎம்முக்குக் கொடு. கூட்டினால் 255-ஐத் தாண்டக் கூடாது, ஆகவே ஒவ்வொரு அலையின் உச்சமும் 85. ஒலி 11-ஆம் பின்னில் வரும். 'டோன்' கட்டளையும் இதே டைமர் 2-ஐத்தான் பிடிக்கும், இரண்டையும் ஒரே நிரலில் வைக்காதே.

அந்த நிலையான தொகைக்குக் கணக்கு: அதிர்வெண்ணை 2-இன் 32-ஆம் அடுக்கால் பெருக்கி 31,372.55-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கட்டை ஸட்ஜத்துக்கு ஏறக்குறைய 35,817,090 வரும். அதை அப்படியே போடாதே, 4-ஆல் வகுபடும் பக்கத்து எண்ணை எடு: 35,817,088. இப்போது மந்திர பஞ்சமம் அதன் முக்கால் பங்கு, 26,862,816. மேல் ஸட்ஜம் இரு மடங்கு, 71,634,176. எதிலும் மிச்சம் இல்லை, விகிதம் துல்லியமாக 3-க்கு 4, 1-க்கு 2. எத்தனை மணி நேரம் ஓடினாலும் விம்மல் வராது. கட்டை மாற்ற ஸட்ஜத்தின் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், மற்றவை தானாக வரும். ரெசனேட்டர் தள்ளி ஓடினாலும் மூன்றும் ஒன்றாகவே தள்ளும். ஹார்மோனியத்தோடு வைத்துப் பார்த்து அந்த ஓர் எண்ணைத் திருத்திவிடு.

32 பிட் எதற்கு, 16 போதாதா? 16 பிட்டில் ஸட்ஜத்தின் தொகை 546.53. 547 என்று முழுமையாக்கினால் ஒன்றரை சென்ட் பிழை. கேட்பவர் கண்டுபிடிக்க மாட்டார். தம்பூராவோடு வளர்ந்த காது கண்டுபிடிக்கும்.

11-ஆம் பின்னிலிருந்து 3.9 கே, 0.01 மைக்ரோ ஃபாரட், மறுபடி ஒரு ஜோடி அதே மதிப்பு. ஆம்ப்ளிஃபயருக்குப் போகுமுன் 31 கிலோ ஹெர்ட்ஸை இது வடிகட்டிவிடும்.

பவர் பேங்கில் ஓட்டப் போகிறாயென்றால் இன்னொன்று. நானோ இழுக்கும் 20, 30 மில்லி ஆம்பியரைப் பல பவர் பேங்குகள் "ஒன்றும் இணைக்கப்படவில்லை" என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டால் ஏமாறும். வீண் செலவுதான், ஆனால் பாட்டு நடுவில் நிற்காது.

கேள்வி: 'பிஏஎம்8403' என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டைப் படகு பேட்டரியில் கொடுத்தேன். ஒரு "டிக்", அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. - பாம்பன் வாசகர்

பதில்: அது 5 வோல்ட் பிறவி, அதிகபட்சம் 5.5. படகு பேட்டரி 12, எஞ்சின் ஓடும்போது 14-ஐயும் தாண்டும். ஸ்டெப்-டவுன் போர்டு ஒன்றை நடுவில் போடுங்கள். வாங்கியவுடன் அதன் வெளியீடு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிய பிறகுதான் ஆம்ப்ளிஃபயரை இணைக்க வேண்டும். ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளில் எதையும் மைனஸோடு சேர்க்காதீர்கள், இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். இந்த ஐசியில் இரண்டு முனையுமே உயிருள்ளவை. பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆம்ப்ளிஃபயர் போனதோடு நிற்காது, கம்பி பற்றிக்கொள்ளும்.

கேள்வி: உப்புக்காற்று படாமலிருக்கப் பெட்டி முழுவதும் சிலிக்கான் பேஸ்ட் வைத்து அடைத்தேன். மூன்று மாதத்தில் உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துவிட்டது. பேஸ்ட் போலியா? - ஏர்வாடி வாசகி

பதில்: அசலாகவே இருக்கலாம். பூசும்போது புளித்த காடி வாடை அடித்ததா? அப்படியென்றால் அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. ஜன்னல் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் நல்லது. மூடிய பெட்டிக்குள் அந்த அமில ஆவி போக இடமில்லாமல் செம்பைத்தான் தின்னும். 'நியூட்ரல் க்யூர்' என்று எழுதிய வகை வேண்டும், அதில் காடி வாடை இருக்காது.

ஆனால் முழுக்க அடைப்பதிலேயே எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பகலில் பெட்டிக்குள் காற்று விரிந்து இண்டு இடுக்கு வழியே வெளியேறும். ராத்திரி சுருங்கும்போது கடற்காற்றை உள்ளே இழுக்கும். அரைகுறையாக அடைத்த பெட்டி இப்படி ஈரத்தைச் சேமித்துவைக்கும் உண்டியலாகிவிடும். போர்டுக்குக் கோட்டிங் கொடுத்துவிட்டு, பெட்டியின் அடிப்பக்கம் 3 மில்லி மீட்டர் துளை இரண்டு போட்டுவிடுங்கள். உள்ளே சேரும் நீர் வடியட்டும். நீல சிலிக்கா ஜெல் வைப்பதானால் மாதம் ஒரு முறை பாருங்கள். இளஞ்சிவப்பானால் நிரம்பிவிட்டது. 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும், ஆனால் சமைக்கும் பாத்திரத்தில் வேண்டாம். பெட்டி மரம் அல்லது பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தகரம் வாலிநோக்கம் உப்பளத்தின் பக்கம் ஒரு பருவம்கூடத் தாங்காது.

கேள்வி: வால்யூம் திருகும்போது கரகரக்கிறது. தேங்காயெண்ணெய் விட்டேன், இரண்டு வாரம் சரியாக இருந்தது. - தேவிபட்டினம் வாசகர்

பதில்: எண்ணெய் தூசியையும் உப்பையும் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயால் கழுவி, இருபது முறை இப்படியும் அப்படியும் திருகுங்கள். பிறகும் கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோலின் மீது டிசி வோல்ட்டேஜ் நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். நின்றால், அதற்கு முன்னால் இருக்க வேண்டிய 1 மைக்ரோ ஃபாரட் இல்லை, அல்லது கசிகிறது.

கேள்வி: கடலடி ஓசையைப் பதிவுசெய்து இசையில் சேர்க்க, அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வட்டு ஒன்றைக் கம்பியில் பற்றவைத்து நீருக்குள் இறக்கினேன். போனில் நேராகச் செருகினால் ஒலி சன்னமாக, தகர டப்பா மாதிரி வருகிறது. கூடவே எண்ணெயில் அப்பளம் பொரிப்பதுபோல விடாமல் சடசடப்பு. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்? - மண்டபம் வாசகர்

பதில்: சடசடப்புக்கு எதையும் மாற்ற வேண்டாம். வட்டைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் உங்கள் கருவி பிரமாதமாக வேலை செய்கிறது, நீங்கள் கேட்டது இறாலை. பாறைகளிலும் பவளத்திட்டுகளிலும் வாழும் ஒரு சின்ன இறால் இனத்துக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரியது. அதை அது வேகமாக மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்குகிறது. சத்தம் வருவது கொடுக்குகள் மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்று 2000-ஆம் ஆண்டில் அதிவேகக் கேமரா வைத்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்து சொடுக்கினால் அப்பளம் பொரிகிற ஓசை. மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டின் பக்கம் இறக்கிவிட்டு அது இல்லாமல் பதிவு வேண்டும் என்றால் நடக்காது. மேலே தூக்கிய பிறகும் சடசடத்தால்தான் பசையில் விரிசல், உப்புநீர் உள்ளே போயிருக்கிறது.

ஒலி சன்னமாவதற்குக் காரணம் வேறு. 27 மில்லி மீட்டர் பீசோ வட்டு மின்சாரக் கணக்கில் சுமார் 20 நானோ ஃபாரட் கண்டன்சர். அதை 10 கிலோ ஓம் உள்ள மைக் நுழைவில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். படகு எஞ்சினின் உறுமலே காணாமல் போகும். 1 மெகா ஓம் நுழைவுக்குக் கொடுத்தால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். போனின் நுழைவு இன்னும் குறைவான தடை, அதனால்தான் தகர டப்பா.

நடுவில் ஒரு எஃப்இடி வேண்டும், டிரெயின், கேட், சோர்ஸ் என்ற கால்கள் கொண்ட டிரான்சிஸ்டர் வகை அது. கல்லூரி லேப்களில் புழங்கும் பிஎஃப்டபிள்யூ10 போதும். டிரெயினை 9 வோல்ட்டோடு இணையுங்கள். கேட்டிலிருந்து மைனஸுக்கு 1 மெகா ஓம், சோர்ஸிலிருந்து மைனஸுக்கு 2.2 கே, சோர்ஸிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாகப் பதிவுக் கருவிக்கு. வட்டு கேட்டுக்கும் மைனஸுக்கும் நடுவில். நான்காவது கால் உலோக உறையுடையது, அதை மைனஸில் கட்டுங்கள். முதல் பதிலில் மெகா ஓமைத் திட்டிவிட்டு இங்கே நானே போடச் சொல்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் கேட் காலைப் போர்டில் பற்றவைக்காமல், வட்டின் கம்பி, 1 மெகா ரெசிஸ்டர், கேட் மூன்றையும் காற்றில் தொங்கியபடி ஒன்றாகப் பற்றவையுங்கள். போர்டே படாத இடத்தில் போர்டின் ஈரம் என்ன செய்யும்? எஃப்இடி பெட்டி படகின் மேலே இருக்கட்டும். அதற்கும் வட்டுக்கும் நடுவே ஷீல்டு வயர், பின்னலை மைனஸோடு சேருங்கள்.

வட்டின் வெள்ளிப் பரப்பில் அயர்ன் இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் வெள்ளி உரிந்துவிடும். தண்ணீர் பாட்டில் மூடிக்குள் 27 மில்லி மீட்டர் வட்டு ஏறக்குறைய கச்சிதமாக உட்காரும். மூடியின் உட்புறத்தையும் வயரின் தோலையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மூடிக்குள்ளேயே வயரில் ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு குழாய் எபாக்ஸியை விளிம்பு வரை ஊற்றி ஒரு நாள் விடுங்கள். குளூ கன் பசை சில நாளில் விளிம்பு விட்டு எழும். பிறகு ஒரு வாளி கடல்நீரில் இரவு முழுக்கப் போட்டு, காலையில் எஃப்இடியில் இணைக்காமலே மல்டிமீட்டரின் 20 மெகா ஓம் நிலையில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே பாருங்கள். எண் எதுவும் நிலையாக நின்றால் நீர் புகுந்துவிட்டது, அடுத்த மூடியை எடுங்கள்.

இறக்கும்போது வயரில் தொங்கவிடாதீர்கள். தனிக் கயிற்றில் தூண்டில் ஈயத்தைக் கட்டி, வட்டைச் சற்று மேலே ரப்பர் வளையத்தால் கயிற்றோடு பிணையுங்கள். வயர் தளர்வாகவே இருக்கட்டும். நீரோட்டத்தில் இறுகிய வயர் வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்து, பதிவு முழுவதும் ஒரு ரீங்காரத்தைப் போட்டுவிடும். வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே போக முடியாது. மண்டபம் படகுத்துறைப் பக்கமே, எஞ்சின்கள் அடங்கிய பிறகு இறக்கிப் பாருங்கள். இறால் அங்கேயும் இருக்கும்.